வயலினோடு ஜெர்மனி போகும் கோத்தகிரி மாணவிக்கு

கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அக்டோபரில் ஜெர்மனிக்கு எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் முதுநிலை படிக்கப் போகிறார். சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்றவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறவர். அங்கே இசைக்கு வாய்ப்பு கிடைக்குமா, அதில் கைச்செலவுக்காவது ஏதாவது வருமா, வயலினைத் தூக்கிக்கொண்டு போவதா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதா, "நீ போறது படிக்கவா பாடவா" என்று அப்பா கேட்கிறாரே, அவருக்கு என்ன பதில் சொல்வது? இப்படி நான்கு கேள்விகள். நான்கையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கேட்பது ஒன்றுதான்: இத்தனை வருஷம் கற்ற இசை, படிக்கப் போகும் இரண்டு வருஷத்தில் கையை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். காசும் மேடையும் அப்புறம் வரட்டும்.

நான் குன்னூரில் வயலின் சொல்லித்தருகிறேன், கர்நாடகம், மேற்கத்தியம் இரண்டும். அதற்கு முன்னால் ஜெர்மனியில் முதுநிலை படித்தேன், இசை அல்ல, வேறு துறை. அங்கே பல்கலைக்கழக ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் வாசித்தேன். என்னிடம் கற்ற பிள்ளைகளில் பலர் பிறகு வெளிநாடு போயிருக்கிறார்கள், அங்கிருந்து பேசுகிறார்கள். எனவே இசை பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்கிறேன். விசா, வேலை அனுமதி பற்றிச் சொல்வது எனக்குத் தெரிந்த சட்டம். நான் வழக்கறிஞர் இல்லை. அதில் ஜெர்மனியில் நீங்கள் தங்கும் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகம் எழுத்தில் தருவதுதான் கடைசி வார்த்தை.

வெளிநாடு போய் இசையைத் தொடர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். யாருக்குத் திறமை அதிகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததில்லை. வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட ஒரு நேரத்தில், "ஏன் இன்னும் வரவில்லை" என்று நான்கு பேர் தேடும் இடம் ஒன்று இருந்தால் இசை தங்குகிறது. அறையில் தனியாகச் சாதகம் செய்துகொள்ளலாம் என்று நம்பிப் போகிறவர்கள் நவம்பர் வரை தாக்குப்பிடிக்கிறார்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். லேப் ரிப்போர்ட் இருக்கும், சமையல் இருக்கும், பக்கத்து அறைக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். வயலின் பெட்டி மெல்லக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆகவே எனது முதல் யோசனை: போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள். நல்ல குழுவா, உங்கள் தரத்துக்கு ஏற்றதா என்றெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி அக்டோபர் 1-இல் தொடங்கும், வகுப்புகள் பெரும்பாலும் மாத நடுவில் ஆரம்பிக்கும். பல்கலைக்கழக ஆர்க்கெஸ்ட்ராவும் கொயரும் புதியவர்களை அந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான் எடுத்துக்கொள்கின்றன. விட்டால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். வீடு, வங்கி, இன்சூரன்ஸ், பதிவு என்று நீங்கள் அலைகிற அதே வாரங்கள் அவை என்பதால் பலருக்கு இது கைதவறிவிடுகிறது. செப்டம்பரிலேயே கோத்தகிரியிலிருந்தே மெயில் அனுப்பிவிடுங்கள்: எந்தக் குரல், எத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், எந்த வாரம் வருகிறேன் என்று நான்கு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதில் வரும். இன்னொன்று, சேர்வதற்கு முன்பே கச்சேரித் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகக் குழுக்களின் செமஸ்டர் கச்சேரி பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். உங்கள் பரீட்சையும் அப்போதுதான். ஒரு சனி ஞாயிறு முழுக்க ஒத்திகை என்றும் ஒன்று இருக்கும்.

உங்கள் விஷயத்தில் வயலினைவிடக் குரல்தான் சீக்கிரம் இடம் வாங்கித் தரும். ஜெர்மன் நகரங்களில் பெரிய புராட்டஸ்டன்ட் தேவாலயங்களுக்குக் கான்ட்டோராய் என்ற பாடகர் குழு உண்டு. அதை நடத்துகிற கான்ட்டோர் சர்ச் இசையை முறையாகப் படித்து, அதையே சம்பளத்துக்குச் செய்கிறவர். பாடுகிறவர்கள் ஊர்க்காரர்கள்: டீச்சர், நர்ஸ், ஓய்வு பெற்றவர், மாணவர். காசு வாங்குவதும் இல்லை, பெரிதாகக் கொடுப்பதும் இல்லை. ஆண்களின் உயர்ந்த குரலான டெனாருக்குத்தான் எங்கும் பஞ்சம். பெயர்பெற்ற குழுக்களில் ஆல்ட்டோவுக்கு ஒரு சின்னக் குரல் தேர்வு இருக்கலாம், காத்திருக்கவும் வேண்டியிருக்கலாம். சின்னச் சபைகளில் ஒத்திகைக்கு நேரே போய் உட்காரலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1734-இல் லைப்சிக்கில் கிறிஸ்துமஸ் காலத்துக்காக அமைத்த ஓரட்டோரியோவை, அதாவது கொயரும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாடி வாசிக்கும் நீண்ட படைப்பை, டிசம்பரில் ஊருக்கு ஊர் பாடுவார்கள். அதற்கான ஒத்திகை சூடுபிடிக்கிற நேரத்தில் நீங்கள் போய் இறங்குகிறீர்கள்.

அங்கே உங்களுக்கு எல்லாமே புதிதாகவும் இருக்காது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு ஜெர்மன் மிஷனரிகள் தங்கள் ஊர்த் துதிப்பாடல்களைத் தமிழாக்கினார்கள், மெட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. நீங்கள் தமிழில் பாடி வளர்ந்த மெட்டு ஒன்றை, பாக் நான்கு குரலில் அமைத்த வடிவில், ஜெர்மனில் அங்கே பாடுவீர்கள். அதைவிட முக்கியம், பக்கத்தில் உயர்ந்த பெண்குரலான சோப்ரானோ மெட்டை இழுத்துக்கொண்டு போகும்போது உங்கள் உள்குரலை விடாமல் பிடித்து நிற்கும் பழக்கம் ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கத்தான் எனக்கு இங்கே பெரும்பாடு.

இல்லாதது நோட்டேஷன் வாசிப்பாக இருக்கலாம். நம் பக்கத்துச் சபைகள் சிலவற்றில் டோ-ரே-மீ எழுத்துகளைப் பார்த்துப் பாடும் டானிக் சால்ஃபா முறையில் பாடுகிறார்கள், சிலவற்றில் கீபோர்டு வாசிப்பவர் ஒவ்வொரு குரலையும் வாசித்துக் காட்டக் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் கொயரும் அப்படியென்றால், கிளம்புவதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் வேறு எதையும் விட்டுவிட்டு, ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கையில் தாளைக் கொடுப்பார்கள், பியானோவில் ஒரு சுருதி கொடுப்பார்கள், ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே மனப்பாடமான பாடல்களின் ஆல்ட்டோ வரியை எடுத்து, விரலை வைத்துத் தாளைப் பார்த்துக்கொண்டே தினம் அரை மணி பாடுங்கள். காது அறிந்ததைக் கண் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஸ்வர ஞானம் இருப்பதால் இது வேகமாகவே வரும் என்று நினைக்கிறேன்.

ஒத்திகையில் முதல் நாள் தடுமாற வைக்கும் விஷயம் ஒன்று. நாம் ஆங்கில வழக்கில் பி என்று சொல்லும் ஸ்வரத்தை ஜெர்மானியர் ஹா என்பார்கள். அவர்கள் பே என்று சொன்னால் அது நமது பி ஃபிளாட். சி ஷார்ப் சிஸ், எஃப் ஷார்ப் ஃபிஸ், ஈ ஃபிளாட் எஸ், ஏ ஃபிளாட் ஆஸ். மேஜருக்கு டூர், மைனருக்கு மோல். பார், அதாவது தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு, டாக்ட். கான்ட்டோர் நடுவில் நிறுத்தி, "டாக்ட் ஃப்யூன்ஃப் உண்ட் ஃபியர்ட்ஸிக்" என்பார். அது ஐந்தும் நாற்பதும், அதாவது 45. எண்ணை அவர்கள் ஒன்றின் இடத்திலிருந்து சொல்கிறார்கள். ஜெர்மன் எண்கள் பழகாதவர் 54-ஆம் பாரைத் தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் எல்லோரும் பாட ஆரம்பித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து இருநூறு வரை எண்களை வேகமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டுப் போங்கள். பாதி ஒத்திகை கைக்குள் வந்துவிடும்.

வயலினுக்கு வருகிறேன். கர்நாடக வயலின்காரர் ஒருவர் அப்படியே போய் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார முடியாது. இதை உங்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அங்கே போய்த் தெரிந்துகொண்டால் மனசு விட்டுப்போகும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் சாய்த்து, ஸ-ப-ஸ-ப என்று கூட்டி வாசிக்கிறீர்கள். வயலின் அசையாமல் நிற்பதால் இடது கை சுதந்திரமாக மேலும் கீழும் வழுக்கிப் போகிறது, ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆர்க்கெஸ்ட்ராவில் நாற்காலியில் நிமிர்ந்து, தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலினைப் பிடித்து, ஜி-டி-ஏ-ஈ என்று கூட்ட வேண்டும். அந்த ஏ-யும் 440 அல்ல, ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராக்கள் பலவற்றில் 442 அல்லது 443 ஹெர்ட்ஸ். வில் மேலே போவதும் கீழே வருவதும் வரிசை முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கினால் தலைவர் திரும்பிப் பார்ப்பார். உங்கள் காதும் தாளக் கணக்கும் ஞாபக சக்தியும் அங்கே பலருக்கு இல்லாத சொத்து. ஆனால் கைக்கு எல்லாம் புதிது.

ஒழுங்காக ஒரு ஆசிரியரிடம் போனால் ஒரு வருஷத்தில் எளிய குழு ஒன்றில் இரண்டாம் வயலின் வாசிக்கும் நிலைக்கு நீங்கள் வரலாம். இது என் அனுபவக் கணிப்பு, உத்தரவாதம் அல்ல. நகராட்சி இசைப்பள்ளிகளில் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கும் சக மாணவர் ஒருவரிடம் நீங்கள் பிடிமுறை கற்று, அவருக்கு ஒரு ராகம் சொல்லிக்கொடுப்பதும் நடக்கிற காரியம்தான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒரே வயலினை இன்றைக்கு ஸ-ப-ஸ-ப, நாளைக்கு ஜி-டி-ஏ-ஈ என்று மாற்றி மாற்றிக் கூட்டாதீர்கள். தந்தியும் போகும், கையும் குழம்பும். ஜெர்மனியில் வயலின் செய்கிறவர்களின் கடைகளில் மாத வாடகைக்கு வயலின் கிடைக்கும். உங்கள் கர்நாடக வயலின் கர்நாடக வயலினாகவே இருக்கட்டும்.

கிளம்பும் முன் அவசர அவசரமாக, பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிரேடு தேர்வு எழுத வேண்டுமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் இளநிலை சேர்க்கைக்கு 6, 7, 8 ஆம் கிரேடுகளுக்குப் புள்ளிகள் உண்டு. ஜெர்மனியில் முதுநிலை எஞ்சினியரிங் மாணவிக்கு அது எதற்கும் உதவாது. கொயரும் ஆர்க்கெஸ்ட்ராவும் உங்களைப் பாடச் சொல்லி, வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், சான்றிதழைக் கேட்க மாட்டார்கள். அந்தப் பணத்தை விமான டிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் எஞ்சினியரிங்கை விட்டு இசைக் கல்லூரிக்கு மாறிவிடலாம் என்ற ஆசை ஓரமாக இருந்தால் அதையும் இப்போதே பேசிவிடுவோம். ஜெர்மன் இசைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குச் சிறுவயது முதல் மேற்கத்திய வயலினில் ஊறியவர்கள் உலகம் முழுக்க இருந்து வருகிறார்கள். அந்த வழி உங்களுக்குத் திறக்காது.

கர்நாடக வயலினுக்கு உண்மையான தேவை இருக்கும் இடம் வேறு. ஜெர்மனியில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நாற்பது வருஷங்களாக வேரூன்றியிருக்கின்றன, முக்கியமாக நாட்டின் மேற்கே டோர்ட்முண்ட், எஸ்ஸன் போன்ற நகரங்களைச் சுற்றி. ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தமிழாலயம் என்ற வார இறுதிப் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பிள்ளைகள் பரதம் கற்கிறார்கள், அரங்கேற்றம் செய்கிறார்கள். பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் பல சமயம் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறார்கள். அருகிலேயே ஒரு வயலின்காரர் இருக்கிறார் என்று தெரிந்தால் தேடி வருவார்கள். ஆனால் நடனத்துக்கு வாசிப்பது கச்சேரிக்கு வாசிப்பது போல் அல்ல. வர்ணமே அரை மணிக்கு மேல் போகும், தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்தின் மீது ஒரு கண், ஆடுகிறவரின் மீது ஒரு கண். ஜதி நடக்கும்போது எங்கே நிறுத்தி எங்கே எடுப்பது என்பதெல்லாம் தனிப் பழக்கம். பாடுகிறவரின் சுருதி ஐந்து கட்டையா ஐந்தரையா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் குருவிடம் சொல்லி, குன்னூரிலோ கோவையிலோ ஒரு நடனப் பள்ளியின் வகுப்புகளுக்குச் சில வாரம் போய் வாசித்துப் பாருங்கள். அங்கே போனதும் அது உடனே பயன்படும்.

இனி காசு. இங்கே நிச்சயமானதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையும் பிரித்தே சொல்கிறேன். நிச்சயமானது: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் அது 120-ஆகவும் 240-ஆகவும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் மாணவ உதவியாளராகப் பார்க்கும் வேலை இந்தக் கணக்கில் சேராது. இந்த அனுமதி ஒருவரிடம் வேலைக்குச் சேருவதற்கு. சுயதொழிலுக்கு அல்ல. ஒரு அரங்கேற்றத்துக்கு வாசித்துவிட்டுச் சன்மானம் வாங்கினால், ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வயலின் சொல்லிக்கொடுத்து மாதக் கட்டணம் வாங்கினால், அது பெரும்பாலும் சுயதொழிலாகவே பார்க்கப்படும். அதற்கு வெளிநாட்டினர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். கேட்டால் தரமாட்டார்கள் என்று இல்லை. கேட்காமல் செய்வதுதான் ஆபத்து. "கையில் கொடுப்பதுதானே, யாருக்குத் தெரியப் போகிறது" என்று சொல்லும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருப்பார்கள். உங்கள் விசாவுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். இசைப்பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தால் ஊழியராக ஒப்பந்தம் கேளுங்கள். 2022-இல் ஜெர்மனியின் சமூகக் காப்பீட்டு உச்ச நீதிமன்றம் ஒரு இசைப்பள்ளி ஆசிரியை வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு பல பள்ளிகள் ஆசிரியர்களை ஊழியர்களாகவே எடுக்கின்றன. மாணவ விசாவில் இருப்பவருக்கு அது வசதி.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: கோயில் தரும் பயணச் செலவு, யூடியூப் விளம்பர வருமானம், ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு ஊட்டிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பெடுத்து இந்திய வங்கிக் கணக்கில் ரூபாயாக வாங்குவது. இவற்றில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மெயிலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள், பதில் வரும்வரை காசு வாங்காதீர்கள். காசு வாங்காமல் கொயரில் பாடுவதற்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பதற்கும் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வேறு நாடுகளுக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழிலும் கூடாது, கலைநிகழ்ச்சி தருபவராக வேலை செய்யவும் கூடாது. வாரம் 20 மணி நேரம் என்பது மற்ற வேலைகளுக்குத்தான். அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். வளாகத்துக்கு வெளியே கச்சேரி செய்து காசு வாங்க முன் அனுமதி வேண்டும். அங்கே கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜர் விழாவுக்குப் போய்க் கேட்பதற்கும், கூட்டத்தோடு பஞ்சரத்னம் பாடுவதற்கும் எந்த விசாவும் தடையில்லை.

ஆகவே இசையிலிருந்து கைச்செலவு வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ காட்டச் சொல்கிறார்களே, வாழ்க்கை அதற்குள் நடக்க வேண்டும். கூடுதலாக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் மாணவ உதவியாளர் வேலை உங்கள் துறைக்கும் நல்லது.

துறை என்றதும் ஒன்று. எலக்ட்ரிக்கல் என்றால் சிக்னல் பிராசசிங் படிப்பீர்கள். இசையும் எஞ்சினியரிங்கும் சந்திக்கும் ஆராய்ச்சி அங்கே பெரிய அளவில் நடக்கிறது, நம் பிள்ளைகள் அதை எட்டிப் பார்ப்பதில்லை. எம்பி3 உருவான ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் எர்லாங்கனில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒலி ஆய்வகங்கள் நடத்துகிறது. பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்ற திட்டம் கர்நாடக இசையையே ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டது. சென்னை ஐஐடி அதில் பங்காளி. அதிலிருந்து வந்த சராகா என்ற கர்நாடக, இந்துஸ்தானி இசைத் தொகுப்பு ஆராய்ச்சியாளர் யாரும் பயன்படுத்தும்படி திறந்து கிடக்கிறது. ஒரு பாடகரின் சுருதி வரைபடத்தைப் பார்த்து, இது தோடி ராகத்தின் காந்தாரம், இந்த அசைவு பிழையல்ல, இப்படித்தான் வர வேண்டும் என்று சொல்லக்கூடிய எஞ்சினியர் உலகத்தில் எத்தனை பேர்? தீசிஸ் தலைப்பு தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய வாய்ப்பாகத் தெரிகிறது. அப்பாவுக்கும் புரியும்.

வயலினை எடுத்துப் போங்கள். பெட்டி கைப்பை அளவைவிட நீளம் என்பதால் விமான நிறுவனத்திடம் முன்பே மெயிலில் அனுமதி வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளோடு கீழே போட்டு அனுப்பாதீர்கள். தந்திகளை ஒரு ஸ்வரம் அளவுக்குத் தளர்த்தினால் போதும். முழுக்க இறக்கினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி விழுந்துவிடும், தந்திகளைத் தாங்கும் குதிரையும் சாயும். நம் மலையில் ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் தந்தியை முறுக்கும் பிரடை ஊதிப்போய்த் திருக முடியாமல் இறுகிக்கொள்ளும் அல்லவா, அங்கே நேர்மாறு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று காய்ந்துவிடும், பிரடை சுருங்கி, காலையில் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்தியும் தளர்ந்து கிடக்கும். பயப்பட வேண்டாம். பிரடையை உள்ளே அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருகிக் கூட்டுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வைத்து 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் மரம் விரிசல் விடும். ஹீட்டர் பக்கத்திலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்க வேண்டாம். வீணை எடுத்துப் போகும் யாராவது இதைப் படித்தால், பழைய வீணையில் தந்த வேலைப்பாடோ மான்கொம்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லையில் பிடித்துவைத்துவிடக்கூடும்.

அறையில் சாதகம் செய்வதற்கு விதி இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறும் விடுமுறை நாளும் அமைதி நாள், அன்றைக்குக் குறைவாகத்தான் வாசிக்கலாம். பல குடியிருப்புகளில் மதியமும் இரண்டு மணி நேரம் அமைதி. மற்ற நேரத்தில் வாசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2018-இல் ஒரு டிரம்பெட் கலைஞர் வழக்கில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், வீட்டில் இசைக்கருவி வாசிப்பதை முழுக்கத் தடுக்க முடியாது, வேலை நாளில் இரண்டு மூன்று மணி நேரமும் விடுமுறை நாளில் ஒன்றிரண்டு மணி நேரமும் பொருத்தமான அளவு என்று சொல்லியிருக்கிறது. உரிமை இருக்கிறது என்று முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க வேண்டாம். பக்கத்து அறைகளைத் தட்டி, இன்ன நேரத்தில் வாசிப்பேன், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒலியைக் குறைக்கும் ரப்பர் மியூட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிக்கு விண்ணப்பிக்கும்போதே இசை அறை இருக்கிறதா என்று பாருங்கள், பல மாணவர் விடுதிகளில் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. "உங்கள் ஊரின் இசை என்ன" என்று அங்கே கண்டிப்பாகக் கேட்பார்கள். நம் பிள்ளைகள் எல்லோரும் கர்நாடக சங்கீதம் என்று பதில் சொல்கிறார்கள். கோத்தகிரியில் வளர்ந்தவர் நம் மலையின் படகர் சமூகத்தின் பாட்டையும், அதற்கு வட்டமாக ஆடும் ஆட்டத்தையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் கொள் என்னும் நாயனம் போன்ற குழலையும் முழவுகளையும் வாசிப்பதைக் கேட்டும் இருப்பீர்கள். கோத்தர் இசையை ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் உல்ஃப் பல வருஷம் இங்கே தங்கி ஆராய்ந்திருக்கிறார். உங்கள் பல்கலைக்கழக இசைத் துறையில் ஒருவர் நீலகிரி என்றதும் கோத்தர் பற்றிக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கிளம்பும் முன் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், அனுமதியோடு பதிவு செய்யுங்கள். ஆனால் எல்லாவற்றையும் மேடையில் எடுத்து வாசிக்க நமக்கு உரிமை இல்லை. கோத்தர்களிடம் தெய்வக் காரியத்துக்கான மெட்டு வேறு, சாவுக் காரியத்துக்கான மெட்டு வேறு. எது எங்கே ஒலிக்கலாம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

அப்பாவின் கேள்விக்கு நான் தரும் பதில் மணிக்கணக்கில்தான். கொயர் ஒத்திகை வாரத்தில் ஒரு மாலை, இரண்டரை மணி நேரம். கச்சேரி நெருங்கும்போது ஒரு சனி ஞாயிறு. முதல் செமஸ்டரில் இதற்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்: வயலின் வகுப்பு இரண்டாம் செமஸ்டரில், அரங்கேற்ற வாசிப்பு முதல் பரீட்சை முடிவுகள் வந்த பிறகு. முதல் செமஸ்டரில் ஒரே நேரத்தில் மூன்று குழுவில் சேர்ந்த பிள்ளைகள் பரீட்சையில் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன், அப்பா பயப்படுவது வீணல்ல. ஆனால் அந்த ஒரு மாலையையும் பிடுங்கிவிட்டால் அது படிப்புக்குப் போகும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் போனுக்குத்தான் போகும். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள், அறையில் நம்மூர்ப் பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள். ஜெர்மன் காதில் விழும் இடம் கொயர் ஒத்திகைதான். வேலை தேடும் காலத்தில் அந்த ஜெர்மன் எவ்வளவு உதவும் என்பது அங்கே போன ஒவ்வொருவருக்கும் தெரியும்.

எந்த நகரம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அங்கே எந்தக் கான்ட்டோராய்க்கு முதலில் மெயில் போடலாம், ஒத்திகை எந்தக் கிழமை என்று தேடிச் சொல்கிறேன். குரல் தேர்வுக்கு என்ன பாடுவது என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். உங்கள் சபையில் நீங்கள் நன்றாகப் பாடும் ஒரு ஞானப்பாட்டைத் தமிழிலேயே இரண்டு சரணம் பாடுங்கள். மெட்டு அவர்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கக்கூடும். அப்புறம் கொஞ்சம் ஏறி இறங்கும் ஸ்வர வரிசை பாடச் சொல்வார்கள், தாளைக் கொடுத்து நான்கு பார் படிக்கச் சொல்வார்கள். அந்த நான்கு பாருக்காகத்தான் இன்றிலிருந்து தினம் அரை மணி.